மூட்டையைத் தூக்கும் முன்: கறவை மாட்டுக்கும் நாட்டுக்கோழிக்கும் தீவனம் தேர்ந்தெடுப்பது எப்படி

தீவனக் கடைக்குப் போய் "நல்ல தீவனமா ஒரு மூட்டை குடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் தன்னிடம் அதிகம் தேங்கியிருக்கும் மூட்டையைத்தான் எடுத்துக் கொடுப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நல்ல தீவனம் என்று பொதுவாக ஒன்று கிடையாது. பத்து லிட்டர் கறக்கிற மாட்டுக்கு ஏற்றது ஏழு மாதச் சினைக்கு ஒத்துவராது. முட்டையிடும் கோழிக்கு உகந்தது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வீட்டில் இருக்கிற உயிர் இன்றைக்கு என்ன நிலையில் இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மூட்டையின் பெயரைப் பார்க்க வேண்டும்.

இரண்டு மூன்று கறவை மாடும், கொல்லையில் இருபது முப்பது நாட்டுக்கோழியும் வைத்துத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

மாட்டை அளந்துகொள்ளுங்கள்

மாட்டின் எடை தெரியாமல் தீவனக் கணக்கே போட முடியாது. எடை மேடை தேவையில்லை, தையல்காரரின் நாடா போதும். மாட்டைச் சமதளத்தில் நிறுத்தி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அங்குலத்தில் அளங்கள். பிறகு தோள்முனையிலிருந்து வாலுக்கு அருகே துருத்திக்கொண்டிருக்கும் இடுப்பெலும்பு முனை வரை நீளம் எடுங்கள். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 68 அங்குலம், நீளம் 58 அங்குலம் என்றால் 68 × 68 × 58 ÷ 660, ஏறக்குறைய 406 கிலோ. நாடாவை இழுத்துப் பிடித்தும் அளக்காதீர்கள், தொங்கவிட்டும் அளக்காதீர்கள். சுற்றளவு இரண்டு முறை பெருக்கப்படுவதால், அங்கே ஓர் அங்குலம் தவறினாலே பன்னிரண்டு கிலோ வரை பிசகும்.

கறவையில் இருக்கும் மாடு தன் எடையில் சுமார் 3 சதவீதம் உலர்பொருள் சாப்பிடும். உலர்பொருள் என்பது தீவனத்தில் தண்ணீர் போக மிஞ்சுவது. 400 கிலோ மாட்டுக்கு 12 கிலோ. இதில் பாதிக்கு மேல், முடிந்தால் மூன்றில் இரண்டு பங்கு, புல்லாகவும் வைக்கோலாகவும்தான் இருக்க வேண்டும். மீதிதான் அடர்தீவனம், அதாவது தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்.

அடர்தீவனத்துக்குக் கணக்கு எளிது. உடம்பைத் தக்கவைக்க ஒன்றரை கிலோ, அதற்கு மேல் பசு கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் லிட்டருக்கு 500 கிராம். சினை ஏழு மாதம் தாண்டினால் கூடுதலாக ஒரு கிலோ. பத்து லிட்டர் கறக்கிற 400 கிலோ மாட்டின் ஒருநாள் சாப்பாடு இப்படி வரும்:

அடர்தீவனம் ஐந்தரை கிலோ, உலர்பொருளாக சுமார் 5 கிலோ.
கம்பு நேப்பியர் புல் 20 கிலோ. ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், ஆகவே 4 கிலோ.
வேலிமசால் அல்லது காராமணி போன்ற பயறுவகைப் பசுந்தீவனம் 5 கிலோ, உலர்ந்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.
வைக்கோல் 3 கிலோ, ஏறக்குறைய 2.7 கிலோ.

மொத்தம் 12.7 கிலோ. மாடும் நிறையும், பாலும் நிற்கும். புல் இல்லாத நாளில் அந்த இடத்தை வைக்கோலால் மட்டும் நிரப்பினால் வயிறு நிறையுமே தவிரப் பால் குறையும். நெல் வைக்கோலில் புரதம் 3 சதவீதம்தான். அதிலிருக்கிற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தையும் பிடித்துக்கொள்ளும். வைக்கோலையே நம்பியிருக்கும் வீட்டில் தாது உப்பைத் தவறவிடவே கூடாது.

சீட்டைப் படியுங்கள், விலையைப் புரதத்தால் வகுங்கள்

மூட்டையின் வாயில் தைத்திருக்கும் சீட்டைப் பலரும் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். வாங்கிய பொருளின் விவரம் அதில்தான் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் மாட்டுத் தீவனத் தரம் ஐ.எஸ். 2052. அதில் முதல் வகைக்குக் குறைந்தது 22 சதவீதப் புரதம், இரண்டாம் வகைக்கு 20 சதவீதம். ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சீட்டில் 'அமிலத்தில் கரையாத சாம்பல்' என்று ஒரு வரி இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. அந்த எண் சொல்வது மண்ணையும் உமியையும். 3, 4 சதவீதத்துக்கு மேல் போனால் மண்ணுக்கும் சேர்த்து விலை கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

விலையை ஒப்பிடும்போது மூட்டை விலையைப் பார்க்காதீர்கள். உதாரணத்துக்கு, 50 கிலோ மூட்டை ஒன்று 1,500 ரூபாய், புரதம் 20 சதவீதம். இன்னொன்று 1,350 ரூபாய், புரதம் 16 சதவீதம். முதல் மூட்டையில் 10 கிலோ புரதம், கிலோ 150 ரூபாய். இரண்டாவதில் 8 கிலோ, கிலோ 168 ரூபாய்க்கு மேல். மலிவு என்று தூக்கிக்கொண்டு வந்த மூட்டைதான் விலை கூடியது. ஆனால் 20 சதவீதம் என்று போட்டிருப்பதில் ஒரு பகுதி யூரியாவாகவும் இருக்கலாம். மாட்டுத் தீவனத்தில் ஒரு சதவீதம் வரை அதற்கு அனுமதி உண்டு. வளர்ந்த மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் யூரியாவைப் புரதமாக்கிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு அந்த வயிறு இன்னும் அமையவில்லை. அதனால் பெரிய மாட்டின் மூட்டையிலிருந்து கன்றுக்கு அள்ளிப் போடக் கூடாது. கன்றுக்கென்று தனித் தீவனம் இருக்கிறது.

சொந்தமாகக் கலக்க நினைத்தால்

மூன்று மாட்டுக்குக் குறைவாக இருந்தால் கலக்கும் வேலையில் இறங்க வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். அரைக்கும் கூலி, தேடி அலையும் செலவு, பாதிச் சாக்குப் புண்ணாக்கில் பூஞ்சை என்று மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். அதற்கு மேல் மாடு இருந்தால் 100 கிலோவுக்கு இந்த அளவு சரியாக வரும். அடைப்பில் இருப்பது அந்தந்தப் பொருளிலிருந்து கிடைக்கும் புரதம்:

மக்காச்சோளம் 32 கிலோ (2.9)
கடலைப் புண்ணாக்கு 22 கிலோ (9.2)
பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு 10 கிலோ (2.2)
கோதுமைத் தவிடு 18 கிலோ (2.5)
எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு 15 கிலோ (2.1)
தாது உப்புக் கலவை 2 கிலோ, சமையல் உப்பு 1 கிலோ

மொத்தப் புரதம் 19 சதவீதத்தை ஒட்டி வருகிறது. கடலைப் புண்ணாக்கு விலை ஏறிவிட்டதென்று அதை 12 கிலோவாகக் குறைத்துத் தவிட்டைக் கூட்டினால், புரதம் 16க்குச் சரிந்துவிடும். விலை ஏறும்போது குறைக்காதீர்கள், மாற்றுங்கள். சோயாப் புண்ணாக்கில் 45 சதவீதத்தை ஒட்டிப் புரதம் உண்டு. எள்ளுப் புண்ணாக்கும் போடலாம். தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் குறைவு, ஆகவே அளவு கூடும்.

மக்காச்சோளத்தை ரவை பதத்துக்கு உடைத்தால் போதும், மாவாக்க வேண்டாம். மாவு வயிற்றில் சட்டென்று புளிக்கும். முழுதாகப் போட்டால் சாணியில் முழுதாகவே வெளியே வந்து விழும். தாது உப்பையும் சமையல் உப்பையும் நேராக 100 கிலோ குவியலில் தூவாதீர்கள். முதலில் ஐந்து கிலோ தவிட்டில் பிசறிக்கொண்டு, அதைக் குவியலில் பரப்பி, மண்வெட்டியால் மூன்று தடவை புரட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாட்டுக்கு உப்புக் கட்டியும் இன்னொன்றுக்கு வெறும் தவிடும் போய்ச்சேரும்.

புண்ணாக்கு வாங்கும்போது ஒரு வில்லையை உடைத்து மூக்கில் வைத்துப் பாருங்கள். புதுக் கடலை வாசம் வர வேண்டும். மக்கல் வாடையோ, உடைந்த முகத்தில் பச்சை கலந்த கறுப்புத் திட்டோ தெரிந்தால் வேண்டாம். அந்தப் பூஞ்சை விடும் அஃப்ளடாக்சின் நஞ்சு பால்வழியே வரும், காய்ச்சினாலும் போகாது. பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. வெயிலில் காயவைத்துத் தட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். பூசணம் உதிரும், நஞ்சு உதிராது. கெட்டுப்போன புண்ணாக்கைக் கோழிக்கும் போட்டுவிடாதீர்கள். மாட்டைவிடக் கோழிக்குத்தான் அந்த நஞ்சு சீக்கிரம் தாக்கும், ஈரல் போய்விடும்.

எப்படிக் கொடுப்பது

குச்சித் தீவனத்தையும் தவிட்டையும் வாளித் தண்ணீரில் கரைத்துக் காட்டுவது நம் ஊர்ப் பழக்கம். மாடு ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும், நமக்கும் வேலை முடிந்தது. ஆனால் மென்று சாப்பிடும்போது ஊறுகிற உமிழ்நீர்தான் வயிற்றின் புளிப்பை மட்டுப்படுத்துகிறது. கரைத்துக் குடித்தால் அது ஊறுவதில்லை. குச்சித் தீவனத்தை அப்படியே உலர்வாகப் போடுங்கள். மாவுத் தீவனமாக இருந்தால் புட்டுக்குப் பிசிறுகிற பதத்தில் ஈரமாக்குங்கள், பிடித்தால் பிடிபட்டு விட்டால் உதிர வேண்டும். தண்ணீரைத் தனியாக வையுங்கள். பத்து லிட்டர் கறக்கிற மாடு ஒருநாளைக்கு 60 முதல் 80 லிட்டர் குடிக்கும், கோடையில் இன்னும் கூட.

ஐந்தரை கிலோ அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் அடர்தீவனம் கொடுப்பதற்கு முன் இரண்டு பிடி வைக்கோலாவது போடுங்கள். கம்பெனியை மாற்றும்போது ஏழிலிருந்து பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் மூன்று நாள் புதியது கால் பங்கு, அடுத்த மூன்று நாள் அரைப் பங்கு, பிறகு முக்கால். ஒரே நாளில் மாற்றிவிட்டுப் பால் இறங்கினதும் புதுத் தீவனத்தைத் திட்டுகிறவர்கள் அதிகம். வயிற்று நுண்ணுயிர்களுக்குப் பழக நாள் கொடுக்காததுதான் பல நேரம் காரணம்.

மாட்டைக் கொல்லக்கூடிய தவறு சோறு. கல்யாண வீட்டில் மிஞ்சியது, ரேஷன் அரிசிக் கஞ்சி, மாட்டுப் பொங்கலன்று அன்போடு ஊட்டுகிற பானைப் பொங்கல் எல்லாமே ஆபத்துதான். வெந்த அரிசி வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகும். அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் மாடு தீனியையும் அசை போடுவதையும் நிறுத்தும், புளிப்பு நாற்றத்தோடு தண்ணீராகக் கழியும், பிறகு படுத்துவிடும். படுத்த பிறகு காப்பாற்றுவது கடினம். அரிசி தின்றது தெரிந்தாலே, நன்றாக நிற்கிறதே என்று காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்தியின் எண் 1962. பொங்கலன்று ஒரு கவளம் போதும், மனசும் நிறையும்.

தீவனம் சரியா என்பதைச் சாணி சொல்லிவிடும். நல்ல சாணி விழுந்த இடத்தில் கெட்டி அடைபோல் நிற்கும், நடுவில் சிறு குழி இருக்கும். தண்ணீராக ஓடி நுரைத்தால் அடர்தீவனம் அதிகம், நார் குறைவு. உருண்டை உருண்டையாகக் காய்ந்து விழுந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது வெறும் வைக்கோல்தான் உள்ளே போகிறது. மதியம் படுத்திருக்கிற மாடுகளை எண்ணிப் பாருங்கள், பாதிக்கு மேல் அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பால் சங்கத்தில் அளக்கும்போது பாலின் கொழுப்பு இறங்குகிறது என்றால் முதலில் நார்த்தீனியைக் கூட்டிப் பாருங்கள். எஸ்.என்.எஃப்., அதாவது பாலில் கொழுப்பும் தண்ணீரும் போக மிஞ்சும் திடப்பொருள், இறங்கினால் மொத்தத் தீவனமே போதவில்லையா என்று பாருங்கள்.

பச்சையில் இருக்கும் பொறிகள்

கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நட்டு 75, 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. தண்ணீரும் எருவும் குறையாத பத்து சென்ட் இருந்தால் ஒரு மாட்டின் நேப்பியர் தேவை ஓடிவிடும். 60 நாள் வரை விட்டுவிட்டால் அளவு கூடும், தண்டு மூங்கிலாகும், மாடு இலையை மட்டும் தின்றுவிட்டுத் தண்டைத் தள்ளும். எப்படியானாலும் ஓர் அங்குலத் துண்டாக நறுக்கிப் போடுங்கள்.

தீவனச் சோளத்தை இளசாக அறுக்கவே கூடாது. பூக்காத பயிரிலும், மழையில்லாமல் வாடிய பயிரிலும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு நச்சு இருக்கும். மாடு மேய்ந்த சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கி விழலாம். பாதிக்கு மேல் கதிர் பூத்த பிறகுதான் அறுவடை. பக்கத்துத் தோட்டத்தில் காய்ந்துபோன சோளக்கொல்லை சும்மா கிடக்கிறதே என்று மாட்டை அவிழ்த்து விடாதீர்கள்.

குதிரைமசால், காராமணி போன்ற பயறுவகைத் தீவனத்தைப் பனியோடு வயிறு நிறையத் தின்றால் உப்புசம் வரும். அறுத்து இரண்டு மணி நேரம் வாடவிட்டு, புல்லோடு கலந்து போடலாம். சூபாபுல் மரத்தின் தழை, பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதிலிருக்கும் மிமோசின் முடி உதிரச் செய்யும்.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவைப் பற்றி ஒன்று. உலர்ந்த அசோலாவில் புரதம் அதிகம் என்பது உண்மை. ஆனால் பச்சையாக அள்ளுவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ அசோலாவில் கிடைக்கும் புரதம் 15 கிராமை ஒட்டித்தான் இருக்கும், 40 கிராம் கடலைப் புண்ணாக்கில் அது கிடைத்துவிடும். கோழிக்குக் கீரையாக நல்லது, வளர்க்கலாம். அதை நம்பி மாட்டின் புண்ணாக்கைக் குறைப்பதில் லாபமில்லை.

கோழிக்கு வயதுதான் கணக்கு

கோழித் தீவன மூட்டையில் ஸ்டார்ட்டர், குரோயர், லேயர், பிராய்லர் என்று எழுதியிருக்கும். நாட்டுக்கோழிக்கு முதல் மூன்றும் போதும். எட்டு வாரம் வரை ஸ்டார்ட்டர், 20 சதவீதப் புரதம். எட்டிலிருந்து முட்டைக்கு வரும் வரை குரோயர், 16 சதவீதம். முட்டையிடத் தொடங்கிய பிறகு லேயர். அதில் சுண்ணாம்புச் சத்து 3 சதவீதத்துக்கு மேல் இருக்கும், குஞ்சுக்குத் தேவையானது ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். மூட்டை மிஞ்சியிருக்கிறதே என்று லேயரைக் குஞ்சுக்குப் போட்டால், வெளியேற்ற முடியாத சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெளியில் பார்த்தால் தெரியாது, ஒவ்வொன்றாகச் சோர்ந்து சாகும். பிராய்லர் தீவனமோ ஐந்து, ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடை ஏற்றுவதற்காகச் செய்தது. முட்டைக்கோழிக்குப் போட்டால் வயிற்றில் கொழுப்புக் கட்டி, முட்டைதான் குறையும்.

குஞ்சுத் தீவனத்தை வீட்டில் கலக்க வேண்டாம். எட்டு வாரத்துக்கு ஒரு குஞ்சு தின்பது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான். முப்பது குஞ்சுக்கு ஒரு மூட்டையே மிஞ்சும். அதில் மிச்சம் பிடிக்கப் போய் வைட்டமின் குறைந்து கால் வளைந்த குஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெரிய கோழிக்குக் கலக்கலாம். முட்டையிடும் நாட்டுக்கோழிக்கு 100 கிலோவுக்கு: மக்காச்சோளமும் கம்பும் சேர்த்து 50, சோயாப் புண்ணாக்கு 18, அரிசித் தவிடு 18, கருவாட்டுத் தூள் 5, கிளிஞ்சல் நொறுக்கு 7, கோழிக்கான தாது-வைட்டமின் கலவை 2. புரதம் 17 சதவீதம் வரும். சமையல் உப்பு சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள், கருவாட்டிலேயே இருக்கிறது. உப்பு மிஞ்சினால் கோழி ஓயாமல் தண்ணீர் குடித்துத் தண்ணீராக எச்சமிடும். கருவாட்டுத் தூளில் கடல் மணலும் கலந்து வரும். ஒரு கரண்டித் தூளைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள், அடியில் படியும் மணல் கண்ணுக்குத் தெரியும். இதே சோதனை மாட்டுத் தீவனத்துக்கும் செல்லும்.

அடைத்து வளர்க்கும் நாட்டுக்கோழிக்கு ஒருநாளைக்கு 80 முதல் 100 கிராம். கொல்லையில் மேய்வதற்கு அதில் பாதி போதும், புழு பூச்சியும் கீரையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். காலையில் கொஞ்சமாகப் போட்டு அவிழ்த்துவிடுங்கள், மீதியை மாலையில் அடைவதற்கு முன் போடுங்கள். அப்போதுதான் தவறாமல் கூட்டுக்குத் திரும்பும். தோல்முட்டை வந்தால், கிளிஞ்சல் நொறுக்கைத் தனிச் சட்டியில் மாலையில் வையுங்கள். ஓடு இரவில்தான் உருவாகிறது, அந்த நேரத்துக்குச் சுண்ணாம்பு வயிற்றில் இருக்க வேண்டும்.

மாட்டுத் தீவனத்தைக் கோழிக்கும், கோழித் தீவனத்தை மாட்டுக்கும் மாற்றிப் போடாதீர்கள். மாட்டுத் தீவனத்திலுள்ள யூரியா கோழிக்கு உதவாது, நஞ்சாகும். பருத்திக்கொட்டையிலுள்ள காசிபால் மஞ்சள் கருவின் நிறத்தைக் கெடுக்கும். கோழித் தீவனத்தில் மாவுச்சத்து மிக அதிகம், மாடு ஒரு மூட்டையை உடைத்துத் தின்றுவிட்டால் சோறு தின்ற கதைதான். கோழித் தீவனத்தில் இறைச்சி, எலும்புத் தூளும் இருக்கலாம், மாட்டு எலும்பு சேர்ந்த தீவனத்தைக் கறவைக்குக் கொடுப்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதி இடம் தரவில்லை. இரண்டு மூட்டையும் ஒரே அறையில்தான் இருக்கும் என்றால், கோழி மூட்டையை மாட்டுக்கு எட்டாத பக்கம் வைத்துக் கதவைத் தாழிடுங்கள்.

வைக்கும் இடம்

மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள். அரை அடி உயரத்துக்குச் செங்கல்லும் பலகையும் போட்டு, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். சிமெண்டுத் தரை காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அடி மூட்டைக்கு ஈரம் ஏறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள், மற்ற மாதங்களில் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு அதைவிடச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மக்காச்சோளத்தை ஒரு மணி எடுத்துக் கடித்துப் பாருங்கள். 'டக்'கென்று உடைந்தால் அடுக்கலாம். பல் பதிந்தால் இன்னும் இரண்டு வெயில் காயட்டும்.

சந்தேகம் தீராவிட்டால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். மாதிரியை ஒரே மூட்டையின் வாயிலிருந்து அள்ளாதீர்கள். மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில், நான்கைந்து மூட்டையில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரை கிலோவைச் சுத்தமான பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டுங்கள். எந்தத் தீவனம், என்றைக்கு வாங்கியது என்று எழுதி ஒட்டி, மூட்டைச் சீட்டையும் கூடவே வைத்து அனுப்புங்கள்.